பி.எஸ்.ஏ.வா, மெட்ராஸ் புல்லட்டா: கஃபே ரேசருக்கு எதை எடுப்பது?

விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டுத் தொழுவத்தில் பழைய ட்ரையம்ப் நிற்கிறது என்று மச்சான் போன் செய்தான். போய்ப் பார்த்தோம். உரச் சாக்குகளுக்குப் பின்னால், டேங்க் முழுக்கப் பச்சைப் பெயிண்ட் அப்பிய ஒரு வண்டி. மில்லில் இருந்த துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போனதாம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சிலிண்டருக்குக் கீழே, இடது பக்கம் அழுத்தித் துடைத்தேன். இசட்.பி.31 என்று எழுத்து தெரிந்தது.

"அண்ணாச்சி, இது ட்ரையம்ப் இல்ல. பி.எஸ்.ஏ. கம்பெனியோட பி.31 மாடல்."

"எங்கய்யா காலத்துல இருந்து ட்ரையம்புன்னுதான் சொல்லுதோம் தம்பி. நீங்க வந்து பேரை மாத்துதீயளே!"

அதை மச்சான் வாங்கினான். நான் அதே மாதம் மேலப்பாளையத்தில் 1984 மாடல் புல்லட் 350 ஒன்றை எடுத்தேன். வார்ப்பிரும்பு சிலிண்டர், வலது பக்கம் கியர், ஆர்.சி. புத்தகம் பத்திரமாக இருந்தது. இரண்டையும் ஒரே கொட்டகையில் பிரித்துப் போட்டு எட்டு மாதம் மல்லுக்கட்டினோம். பழைய பிரிட்டிஷ் வண்டியை, குனிந்து வேகமாக ஓட்டத் தோதாக மாற்றிக் கட்டுவதுதான் கஃபே ரேசர். அதற்கு எது நல்லது என்று கேட்டால் புல்லட் என்பேன். ஒருதலையாகத்தான் பேசப்போகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பி.எஸ்.ஏ. 348 சிசி, புல்லட் 346. குதிரைசக்தி 17, 18 என்ற கணக்கு. இரண்டிலும் டிரம் பிரேக். இரண்டையும் நம்பி ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. அழகில் பி.எஸ்.ஏ.தான், அதில் பேச்சே இல்லை.

புல்லட் எப்படி பிரிட்டிஷ் வண்டியாகும் என்று மச்சான் இன்னமும் சண்டைக்கு வருகிறான். 1949ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வடிவம் அது. 1955ல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச் ஆலையை 1967ல் மூடிவிட்டார்கள். மெட்ராஸிலோ அதே 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டத்தோடு அதற்கப்புறமும் நாற்பது வருஷம் வந்துகொண்டிருந்தது. எனக்கு அது போதும்.

பழைய வண்டியை அடையாளம் காண்பதில் ஒரு விஷயம். ட்ரையம்பில் எஞ்சின் எண்ணும் ஃபிரேம் எண்ணும் ஒன்றாக இருக்கும். அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.வில் அப்படி இருக்காது. ஆலையிலேயே இரண்டுக்கும் தனித்தனி எண்தான் அடித்தார்கள். இது தெரியாமல், ஏதோ கோல்மால் என்று நல்ல வண்டியை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. எண்கள் பொருந்துகின்றனவா என்பதைவிட, எண் அடித்த இடத்தில் அரம் ஓடிய தடம் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. உரிமையாளர் சங்கத்திடம் ஆலைப் பதிவேடுகள் இருக்கின்றன, எழுதிக் கேட்கலாம். புல்லட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆர்.சி.யை விரித்து இரண்டு எண்ணையும் ஒத்துப் பார்த்தால் முடிந்தது.

பி.31 மேல் ஆசை வருவதில் தப்பில்லை. லண்டனில் ஏஸ் கஃபே வாசலில் பையன்கள் நூறு மைல் வேகத்துக்குப் போட்டி போட்ட காலத்தில், பலரும் கனவு கண்ட கோல்ட் ஸ்டார் இதே பி வரிசையில் வளர்ந்த வண்டிதான். (நம்மூர்க் கடையில் கோல்ட் ஸ்டார் கேட்டால் புல்லட்டுக்கு மாட்டும் சைலன்சரை எடுத்து நீட்டுவார்கள்.) பி.31ன் பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடின் கீழ்முனையில், ரோலர் பேரிங். என் புல்லட்டில் அந்த இடத்தில் மிதக்கும் புஷ், உருளைகள் இல்லாத வெறும் வளையம். நீண்ட நேரம் முறுக்கினால் அதற்குப் பிடிக்காது. முன் ஃபோர்க் குழாய்களிலேயே தாழ்வாகக் கவ்வும் கிளிப் ஆன் ஹேண்டில்பார் மாட்டுவதும் பி.31ல் சுலபம். ஆக, எஞ்சினின் கீழ்ப்பாதி, முன்பக்கம் இரண்டிலும் பி.எஸ்.ஏ. ஜெயித்துவிட்டது.

ஆனால் வண்டி நின்றுபோனால்?

மச்சான் வண்டி காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். முக்கூடல் தாண்டியதும், எஞ்சின் நன்றாகச் சூடானபின் செத்துவிடும். ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நிறுத்தினால் திரும்ப உயிர் வரும். பெட்ரோல் என்றான், பிளக் என்றான், கார்புரேட்டர் என்றான். கடைசியில் பார்த்தால், பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோ. பி.31ல் இருக்கும் லூகாஸ் மேக்டைனோவில் (மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்தது) கண்டென்சர், சுழலும் காயிலான ஆர்மேச்சருக்கு உள்ளேயே புதைந்திருக்கிறது. வயதான கண்டென்சர் சூட்டில் கைவிடும். சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதை மாற்ற மேக்னெட்டோவையே கழற்றி, ஆர்மேச்சரைப் பிரித்து, வைண்டிங் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுபவர் ஒருவர் தைரியமாக வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, அதைவிடத் தைரியமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் புல்லட்டிலும் கண்டென்சர் போனது. பாயிண்ட் மூடியைத் திறந்தால் கண் முன்னால் இருக்கும். வண்ணாரப்பேட்டையில் முதல் கடையிலேயே கிடைத்தது. டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டேன்.

பி.31க்குப் பாகமே கிடைக்காது என்று சொல்லவில்லை. பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் விற்கிறார்கள். அமால் கார்புரேட்டரைப் புதிதாகவே செய்கிறார்கள். ஆனால் அந்தப் பொட்டலம் கூரியரும் சுங்கவரியும் சுமந்து வந்து சேரும்வரை கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தபின் மாட்ட ஸ்பேனரும் வேண்டும். அது பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவான விட்வொர்த். அந்த ஸ்பேனரில் போட்டிருக்கும் அளவு போல்ட்டின் தடிமன், தலையின் அகலம் அல்ல. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்து நட்டின் முனையை மழுக்கியவன் நான்தான். புல்லட்டிலும் பழைய இன்ச் மரைகள் உண்டு, ஆனால் அந்த ஸ்பேனர் இல்லாத புல்லட் மெக்கானிக் திருநெல்வேலி ஜங்ஷனில் கிடையாது. அவரிடமும் இல்லாத பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது.

கஃபே ரேசர் என்றாலே வண்டியை வருத்தி ஓட்டுவதுதான். வருத்தினால் உடையும். உடைவது ஞாயிற்றுக்கிழமை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் உடையும்.

புல்லட்டில் மாற்றியது கொஞ்சம்தான். அதில் ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் கூடுதான் ஃபோர்க்கின் மேல்தாங்கி என்பதால் கிளிப் ஆன் மிகவும் கீழே போய்விடுகிறது. அதனால் பழைய கிளாம்பிலேயே பிடிக்கும், கீழ்நோக்கி வளைந்த ஏஸ் பார் போட்டேன். ஒற்றை சீட், பின்னுக்குத் தள்ளிய ஃபுட்ரெஸ்ட். கியர் லிவரைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டதில் கியரும் தலைகீழாகிவிட்டது: முன்பு மேலே ஒன்று, கீழே மூன்று, இப்போது கீழே ஒன்று, மேலே மூன்று. முதல் வாரம் பேட்டை சிக்னலில் அவமானப்பட்டேன்.

ஃபிரேமை வெட்டவில்லை. பின் வளைவை அறுத்தால்தான் அழகு என்று வெல்டர் கெஞ்சினார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, ஆலை கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில் பழைய சீட்டையும் ஹேண்டில்பாரையும் மாட்டினால் வண்டி பழைய வண்டிதான். பி.31ல் இன்னொரு சிக்கல் உண்டு. 2021ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டி, அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிக்குத்தான் விண்டேஜ் பதிவு. ஃபிரேமையோ எஞ்சினையோ மாற்றிவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். விற்கும்போதும் அடிதான், அதை வாங்க வருகிறவர் தேடுவது அசலை.

பி.31ஐ நான் ஓட்டியது மொத்தம் இரண்டு தடவை, அதுவும் சூடாவதற்குள் திரும்பிவிட்டேன். நெடுந்தூரத்தில் எப்படி என்று கேட்காதீர்கள். என் புல்லட்டையும் நான்குவழிச் சாலையில் தொண்ணூறுக்கு மேல் விரட்டியதில்லை, அந்த புஷ்ஷை நினைத்து.

மச்சான் இப்போது மனசு மாறி, பச்சைப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அசல் நிறத்துக்குக் கொண்டுவருகிறான். மேக்னெட்டோ கோயம்புத்தூரில் இருக்கிறது, மூன்றாவது மாதம். போன ஞாயிறு பாபநாசம் போக என் புல்லட்டைத்தான் வாங்கிக்கொண்டு போனான். பெட்ரோல் போடாமல் கொண்டுவந்து விட்டான்.