செயின் சா செயினை ஒட்டுப்போடக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: 1,850 ரூபாய் போச்சு

பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், மரம் அறுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பம்புசெட், ஸ்பிரேயர், செயின் சா எல்லாம் பழுது பார்க்கிற கடை, அவ்வளவுதான். 1,850 ரூபாயும் வாங்கிக்கொண்டு என் தம்பி காலையும் வாங்கியிருப்பார்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தோப்பெல்லாம் சாய்ந்தபோது வாங்கிய மிஷின், செயின் சுற்றி ஓடுகிற பார் 18 இன்ச். செயின் அறுந்துபோனதால் அதை ஒட்டுப்போட 350, செயின் ரோலிலிருந்து புதிதாக ஒன்று வெட்டிச் சேர்க்க 1,500 என்றார்கள், இரண்டையும் செய்யச் சொன்னேன். கடையில் இருந்த ஆள் பழைய செயினை வாங்கித் துணியால் எண்ணெயைத் துடைத்து, ஒவ்வொரு கண்ணியாக விரலால் தள்ளி எண்ணி, "72 கண்ணி, பாயிண்ட் 325 பிட்ச், சரிதானேண்ணே?" என்று கேட்டார். பிட்ச் என்றால் கண்ணி இடைவெளி, இன்ச் கணக்கு. அட்சரம் பிசகாமல் சொல்கிறாரே, தொழில் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். "கம்பெனி ஜாயிண்ட்டே தோத்துப்போகும்ணே, அறுந்தா என் சட்டையைப் பிடிங்க" என்று வேறு சொன்னார். உள்ளே எடுத்துப் போனார், சுத்தியல் சத்தம் கேட்டது, கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

மறுநாள் காய்ப்பு நின்ற தென்னையை வெட்டிச் சாய்த்துத் துண்டு போடும்போது, ஆக்சிலேட்டரை அழுத்தியதும் படார் என்று ஒரு சத்தம். செயின் ஒட்டுப்போட்ட இடத்திலேயே அறுந்து, ஒரு துண்டு தம்பியின் முழங்காலை உரசிக்கொண்டு போய் வரப்பில் குத்தி நின்றது. கைலி கிழிந்ததோடு போயிற்று. முழு வேகத்தில் செயின் விநாடிக்கு 20 மீட்டர் ஓடும், அந்த வேகத்தில் வருகிற இரும்புத் துண்டு எலும்பை விடுமா?

அறுந்த முனையை எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. கண்ணிகளைக் கோக்கிற ஆணியான ரிவெட்டின் தலை ஒரு பக்கம் சப்பையாக நசுங்கியிருக்கிறது, மறுபக்கம் விரியவே இல்லை. கண்ணிகளை இணைக்கிற பக்கத்து இரும்புப் பட்டையில் சுத்தியல் தழும்பு. தட்டி எடுத்த பழைய ரிவெட்டையே திரும்பப் போட்டு அடித்திருக்கிறார்கள். புது செயினைப் பார்த்தேன், அதிலும் ஜாயிண்ட் மட்டும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

போன் செய்தால் "மண்ணுல பட்டிருக்கும்ணே". நேரில் போனால் "உங்க பார் தேய்ஞ்சிருக்கு". சரி, புது செயினையாவது திருப்பி எடுங்கள் என்றால், "ரோலிலிருந்து வெட்டினதை எடுக்க மாட்டோம், ஓனர் வரட்டும்". ஓனர் எப்போது போனாலும் திருச்சியில்தான் இருக்கிறார். சட்டையைப் பிடிக்கச் சொன்ன ஆள் நான் வருவதைப் பார்த்ததும் பின்பக்கம் போய்விடுகிறார். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. 1,850 ரூபாய், ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒட்டுப்போட்டால் புது ரிவெட்டோடு வருகிற புதுப் பட்டைதான் போட வேண்டும். ரிவெட் தலையைச் சுற்றி விரிக்கிற கைக்கருவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சுத்தியலை எடுத்தால் செயினை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கடையிலேயே ஜாயிண்ட்டை மடக்கிப் பாருங்கள், மற்ற கண்ணிகளைப் போல லேசாக ஆட வேண்டும், ஆனால் பக்கவாட்டில் லொடலொடக்கக் கூடாது. மிஷினுக்கு அடியில், அறுந்த செயினைத் தடுத்துப் பிடிக்கிற செயின் கேச்சர் உடைந்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். பாருக்கு நேராக முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வந்தால் விரட்டிவிடுங்கள்.