ஹசீனா தஞ்சம் பற்றிய ‘யெஸ்-நோ’ சந்தையில் 42,000 ரூபாய் போனது: யாரும் ஏமாறாதீர்கள்

அரசியல் நிகழ்வுகள் மீது ‘யெஸ்’, ‘நோ’ விற்ற கணிப்புச் சந்தைச் செயலி ஒன்றில் 2024 ஆகஸ்ட் 31 இரவு எனது 42,000 ரூபாய் பறிபோனது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்பதால் சொல்லவில்லை. ‘இது சூதாட்டம் அல்ல, அறிவுத்திறன்’ என்று விளம்பரம் செய்த வகையைச் சேர்ந்தது என்றால் புரிந்துகொள்வீர்கள். இதில் இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று, பதவியை இழந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து கிளம்பி, காஜியாபாத் அருகே ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கினார். அவர் இந்தியா வந்திருப்பதை வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மறுநாள் நாடாளுமன்றத்திலேயே உறுதிசெய்தார். அந்த வாரமே செயலியில் ‘ஆகஸ்ட் 31க்குள் ஹசீனா வெளிநாட்டில் தஞ்சம் அடைந்திருப்பாரா?’ என்ற கேள்வி வந்தது. ‘யெஸ்’ ஒன்றின் விலை 7 ரூபாய்; கணிப்பு சரியானால் 10 ரூபாய் கிடைக்கும், தவறினால் ஒன்றும் கிடைக்காது; கெடுவுக்கு முன்பே அன்றைய விலைக்கு விற்கவும் செய்யலாம். அம்மா எங்கும் தஞ்சம் கேட்கவில்லை என்றும், ஜனநாயகம் திரும்பினால் நாடு திரும்புவார் என்றும் அவருடைய மகன் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்ததால்தான் விலை 7இல் நின்றது என்று நினைத்தேன். தந்தை முஜிபுர் ரஹ்மான் 1975இல் கொல்லப்பட்ட பிறகு 1981 வரை டெல்லியில் அடைக்கலமாக இருந்தவர் ஹசீனா. அவரை இந்தியா ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பிவிடாது என்பது செய்தி படிக்கும் எவருக்கும் தெரியும்.

அப்படியும் நான் உடனே பணம் போடவில்லை. ‘கெடு நாளில் அவர் வங்கதேசத்துக்கு வெளியே தங்கியிருப்பதாக நம்பகமான செய்தி நிறுவனங்கள் தெரிவித்தால் யெஸ்’ என்று விதிப் பகுதியில் இருந்ததைப் படித்துவிட்டு, கஸ்டமர் கேருக்கும் போன் செய்தேன். எடுத்த பையன், “சார், அவங்க இந்தியாவுல இருந்தாலே யெஸ்தான், தாராளமா வாங்குங்க” என்று அடித்துச் சொன்னான். அந்தக் குரலை நம்பித்தான் 6,000 ‘யெஸ்’, அதாவது 42,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஹசீனாவின் தூதரகப் பாஸ்போர்ட்டை வங்கதேசத்தின் இடைக்கால அரசு ரத்து செய்ததும் விலை 9ஐத் தொட்டது. ஆனால் 30ஆம் தேதி பிற்பகல், எந்தச் செய்தியும் வராத நேரத்தில், மளமளவென 3க்குச் சரிந்தது. அன்றிரவுதான் விதிகளுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத எழுத்தில் ‘கூடுதல் விளக்கம்’ முளைத்தது: தஞ்சம் அளித்ததைச் சம்பந்தப்பட்ட நாட்டு அரசு அதிகாரபூர்வமாக அறிவித்திருக்க வேண்டுமாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவே இல்லை, தஞ்சம் அளிப்பதற்கென்று இங்கே தனிச் சட்டமும் கிடையாது, ‘தற்போதைக்கு’ வர அனுமதி கேட்டார் என்றுதான் அமைச்சரும் சொன்னார் என்னும்போது, அப்படியோர் அறிவிப்பு ஒருநாளும் வராது என்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரியாதா? மறுநாள் இரவு ‘நோ’ என்று முடித்துவிட்டார்கள். என் கணக்கில் 42,000 இருந்த இடத்தில் சிவப்பாக 0.00. விளக்கம் வெளிவரும் முன்பே விற்றுத் தீர்த்தவர்களுக்குத் தகவல் சொன்னது யார்? அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

புகார் கொடுத்தால், ‘விதிமுறைகளின்படியே தீர்வு செய்யப்பட்டது’ என்று ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. போனில் பேசிய பையன் சொன்னதைக் கேட்டால், வாய்மொழி உறுதிக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்கிறார்கள். அழைப்பின் பதிவைக் கேட்டபோது என் புகாரையே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். கேள்வியை எழுதுவதும் அவர்கள், தீர்ப்புச் சொல்வதும் அவர்கள், கமிஷன் எடுப்பதும் அவர்கள். பங்குத் தரகர் என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் புகார் செய்யலாம். இவர்கள் அதன் வரம்புக்குள்ளேயே இல்லை.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இருக்கும் ஆத்திரத்தில் அதற்கெல்லாம் பொறுமை இல்லை. வாங்கும் அன்றே விதிப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கஸ்டமர் கேர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். தஞ்சம், நாடு கடத்தல், ராஜினாமா போன்ற கேள்விகளில் யார் அறிவித்தால் செல்லும் என்று எழுதியிராவிட்டால் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். விலை ஏறியிருந்தால் கெடு வரை காத்திருக்காமல் விற்று, வாலட்டில் விடாமல் அன்றே வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.