மும்பை செம்பூரில் ஒரு சோனோகிராபி சென்டர்: 59 வயது அம்மாவுக்கு எடுத்த உள் ஸ்கேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே போனால் அரை நாள் போய்விடும். செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆனால் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போன எங்களை உள்ளே கூப்பிட்டபோது மணி ஒன்றேகால். முட்டிவலிக்காரியான அம்மாவைப் படியேற்றிக் கூட்டிவந்து இப்படிக் காக்க வைக்கிறார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன் அவ்வளவு தாமதம் என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது, அந்த டாக்டரம்மா ஒவ்வொருவரையும் அவ்வளவு நேரம் பார்க்கிறார்.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிறது. ஒரு வருடமாக இடது அடிவயிற்றில் வலி, மலம் கழிக்கும்போது உள்ளே யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். முதலில் வேறொரு இடத்தில் சோனோகிராபி எடுத்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேல் மட்டும் கருவியை ஓட்டி, ஐந்தாறு நிமிடத்தில் முடித்து, இடது சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே வலிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை நம்பி கேஸ் மாத்திரையும் மலச்சிக்கலுக்கு மருந்துமாக ஐந்து மாதம் ஓடியது. அந்த ஐந்து மாதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்புறம் வேறு டாக்டரிடம் போனதில், எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு அதற்கு வெளியே வளர்வது), பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள் ஸ்கேன் எடுக்க வேண்டும், இந்த நோயைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவரிடம் எடுங்கள் என்று இங்கே அனுப்பினார்.

வரவேற்பறை முழுக்கக் கர்ப்பிணிகள். பிள்ளை ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை என்ற பெரிய போர்டுக்குக் கீழே அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இந்த வயசுல நான் இங்க என்னடி பண்றேன்" என்று மெதுவாகக் கேட்டாள். அவளைப் போன்ற பெண்கள் வலியோடு வீட்டிலேயே இருந்துவிடுவதற்கு இந்தக் கூச்சமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உள்ளே போனதும் ஸ்கேன் இல்லை, பேச்சு. மாதவிடாய் வந்த காலத்தில் வலி எப்படி இருக்கும் என்று டாக்டர் கேட்டார். அம்மா இந்தியில் தடுமாறவும், அங்கே இருந்த நர்ஸ், தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிப் பெண், தமிழில் கேட்டுச் சொன்னார். சயான் கோலிவாடா வீட்டில் மாதம் இரண்டு நாள் தரையில் சுருண்டு கிடந்ததை அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்னாங்க, அப்புறம் கொழந்த பொறந்தா சரியாயிடும்னாங்க." பெற்ற மகள் எனக்கே அது தெரியாது. ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டீர்களா, மார்பகப் புற்றுக்குத் தரும் டாமோக்சிஃபென் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. உடல் பருமனாக இருந்தால் இந்த நோயை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொழுப்பே கொஞ்சம் உண்டாக்கும், அதனால் மாதவிடாய் நின்றாலும் எண்டோமெட்ரியோசிஸ் முழுதாக அடங்கிவிடும் என்று சொல்ல முடியாது என்றார். இந்த நோய் உள்ளவர்களில் 2 முதல் 5 சதவீதம் பேர் மாதவிடாய் நின்றவர்களாம். மற்ற இடத்தில் அந்தப் பேச்சே வரவில்லை.

இதற்குச் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, போய்விட்டு வரச் சொன்னார்கள். இந்த வயதில் உள்ளே வறண்டு போயிருக்கும் என்பதால் ஜெல்லை நிறையத் தடவி, மெதுவாக, வலித்தால் கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தார். நர்ஸ் அம்மாவின் கையை விடவே இல்லை. கருவியை ஒவ்வொரு இடத்திலும் லேசாக அழுத்தி இங்கே வலிக்கிறதா, இங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். வலிக்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதும் ஸ்கேனில் ஒரு பகுதிதானாம்.

அப்புறம் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கர்ப்பப்பையைக் கருவியால் மெல்லத் தள்ளினால் அதன் பின்னால் இருக்கிற குடல் தனியாக வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் ஒட்டிய துணி மாதிரி சேர்ந்தே அசைந்தன. இடது சினைப்பையும் கர்ப்பப்பையின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது, தள்ளினால் விலகவில்லை. கட்டி 4.2 சென்டிமீட்டர், உள்ளே இரண்டு அறை. சாக்லேட் சிஸ்ட் (இந்த நோயால் சினைப்பையில் வரும் பழைய ரத்தக் கட்டி) என்றால் சின்ன வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் தேய்த்த கண்ணாடி மாதிரி ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும், மாதவிடாய் நின்றவர்களுக்கு அப்படியே தெரிய வேண்டும் என்றில்லை, வெறும் நீர்க்கட்டி மாதிரியும் தெரியலாம், அதனால்தான் தவறவிடுகிறார்கள் என்றார். கட்டிக்குள் ரத்தம் ஓடும் கெட்டியான பகுதி இருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் தனியாகப் பார்த்தார், ஏனென்றால் இந்த வயதில் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அப்படி எதுவும் தெரியவில்லை. கடைசியில் வயிற்றின் மேல் கருவியை வைத்து இரண்டு சிறுநீரகத்தையும் பார்த்தார். இந்த நோய் சிறுநீர்க் குழாயை நெருக்கினால் வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகக்கூடுமாம். நல்லவேளை, இரண்டும் நன்றாக இருந்தன. மொத்தம் 35 நிமிடம்.

ரிப்போர்ட் இரண்டு பக்கம். எது நகர்கிறது, எது நகரவில்லை, எங்கே அழுத்தினால் வலி, கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் 1.4 சென்டிமீட்டர் முடிச்சு, எல்லாம் அதில் இருந்தது. எண்டோமெட்ரியோசிஸாக இருக்க வாய்ப்பு அதிகம், திசுப் பரிசோதனையில்தான் உறுதியாகும் என்றும் நேர்மையாக எழுதியிருந்தார். சினைப்பைப் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் பார்க்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையில் 61 வந்து (35 வரை சரி) எங்களுக்கு உயிரே போய்விட்டது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அது ஏறும் என்று அவரே போனில் பொறுமையாகச் சொன்னார். மாதவிடாய் நின்றவர் என்றால் அந்த எண்ணை 3ஆல் பெருக்கி, ஸ்கேனில் தெரிந்ததையும் சேர்த்துப் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது, அதில் 200-ஐத் தாண்டினால்தான் புற்று சந்தேகம் அதிகம், அம்மா அதற்குள்தான் வந்தாள். இருந்தாலும் இந்த வயதில் கட்டியை விட்டு வைக்கக்கூடாது என்று எம்ஆர்ஐ, அப்புறம் லேப்ராஸ்கோபி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) ஆனது. பயாப்சியில் எண்டோமெட்ரியோசிஸ், புற்று இல்லை. ரிப்போர்ட்டில் சொன்ன இடத்தில்தான் ஒட்டியிருந்தது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னார்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை. உடை மாற்றும் இடம் வெறும் திரைச்சீலை, அது முழுதாக மூடவும் இல்லை, அம்மாவுக்கு நான் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் மட்டும். 2,800 ரூபாய் ஆனது, முதல் இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் ஒவ்வொன்றாகப் படிக்கிறார். ஆபரேஷன், ஹார்மோன் மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்று சொன்னதால், கல்யாணில் இருக்கும் சித்தியை வரும் சனிக்கிழமை கூட்டிப் போகிறேன். அவளுக்கு 54, அவளுக்கும் மாதாமாதம் அதே வலி இருந்ததாம், அம்மா போன் செய்து கேட்ட பிறகுதான் சொல்கிறாள்.