"ஆழம் தாராளமா இருக்கு" என்றால் நம்பிப் படகைக் கட்டாதீர்கள்

ஒரு ராத்திரி தங்க மரினாவில் (படகுகள் கட்டி நிறுத்தும் துறையில்) இடம் கேட்கும் சிறு படகுக்காரர்களுக்கு இந்த எச்சரிக்கை. நீளம் 8 மீட்டர், நீருக்கடியில் இறங்கும் பகுதி 1.2 மீட்டர் என்று முன்கூட்டியே சொல்லித்தான் இடம் கேட்டோம். "ஆழம் தாராளமா இருக்கு, வாங்க" என்றார்கள். நுழையும்போது நீர் 2.3 மீட்டர். ஆனால் அது உயர் ஓத நேரம், அதாவது கடல் நீர் முழுக்க ஏறி நின்ற நேரம். அன்று ஓதம் இறங்கவேண்டியது 1.8 மீட்டர். கழித்தால் மிஞ்சுவது அரை மீட்டர். விடிவதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டது. அலுவலகத்தில் கேட்டால், "அது உங்க பொறுப்பு" என்கிறார்கள்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்காதீர்கள். "இன்று ராத்திரி தண்ணீர் வற்றும்போது, எனக்குத் தரும் அதே இடத்தில் எவ்வளவு?" என்று கேளுங்கள். வாய்க்கால் நடுவே உள்ள ஆழத்தைச் சொல்லிவிட்டு, மண் தூர்ந்த ஓரத்தில் இடம் கொடுப்பார்கள். கட்டியதும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை முன்னே, பின்னே, இருபுறமும் இறக்கி அளந்துவிடுங்கள். ஆழமானியை மட்டும் நம்பினால், அது நீர்மட்டத்திலிருந்து கணக்கிடுகிறதா, நீருக்கடியில் இருக்கும் அதன் உணரியிலிருந்தா என்பது தெரிந்திருக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாள் ஏற்ற இறக்கம் அதிகம்.

முதல் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். ஆறு மணி நேரத்தில் 1.8 மீட்டர் இறங்கும் ஓதம், முதல் மணியில் சுமார் 15 சென்டிமீட்டர்தான் இறங்கும். மூன்றாவது, நான்காவது மணிகளில் மணிக்கு 45 சென்டிமீட்டர்.

இன்னொரு தவறு கயிற்றில். மிதக்கும் மேடை நீரோடு சேர்ந்து இறங்கும், அங்கே குட்டையாகக் கட்டலாம். நாங்கள் கட்டியது அசையாத கல்துறை. உதவிக்கு வந்த ஊழியர் உயர் ஓதத்திலேயே நான்கு கயிற்றையும் இழுத்து இறுக்கிவிட்டார். நீர் இறங்க இறங்கப் படகின் எடை கயிற்றில் தொங்கியது. முன்பக்கக் கிளீட்டின் (கயிறு கட்டும் கொம்பின்) அடியில் ஃபைபர் தளம் விரல் அகலத்துக்கு வெடித்து, போல்ட் வெளியே தெரிந்தது. கல்துறையில் ஒவ்வொரு கயிறும் ஓத வித்தியாசத்தைப் போல மூன்று மடங்காவது நீளம் வேண்டும். படகு முன்பின் நகராமல் பிடிக்கக் குறுக்காகப் போகும் ஸ்பிரிங் கயிறுகள் படகின் நீளத்துக்கு இருந்தால் நல்லது. யார் கட்டினாலும் நீங்களே அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். அவர் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

காசு விஷயம்: 8 மீட்டருக்குப் பேசி 9 மீட்டருக்கு ரசீது வந்தது. முன்னே நீட்டிய கம்பு, பின்னே தூக்கி வைத்த மோட்டார் இரண்டையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். எதிலிருந்து எதுவரை அளப்பார்கள் என்று முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கரை மின்சாரத்துக்கு வயரைச் செருகும் முன், மீட்டர் காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள்.