பயணத்துக்கு எந்த ட்ரைபாட்? பீக் டிசைனா, மேன்ஃப்ராட்டோ பீஃப்ரீயா?

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை வைத்துத்தான் பலரும் ட்ரைபாட் வாங்குகிறார்கள்: எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு உயரம் போகும். படம் கூர்மையாக வருமா என்பதை இரண்டுமே சொல்லாது. 8 கிலோ தாங்கும் என்றால் அந்த எடைக்குச் சரியாது, முறியாது, அவ்வளவுதான். காற்றில் அசையாது என்று யாரும் உறுதி தரவில்லை. அதிகபட்ச உயரம் என்பது நடுத்தண்டை முழுக்கத் தூக்கியபின் அளந்தது. தண்டைத் தூக்கியதுமே கேமரா மூன்று கால்களின் பிடியை விட்டு ஒற்றைக் குழாயின் நுனிக்குப் போய்விடுகிறது. அதனால் தண்டை இறக்கி வைத்த உயரத்தை முதலில் பாருங்கள். அடுத்து, கடைசிக் கால்துண்டு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள்.

பயணக்காரர்கள் அதிகம் விசாரிக்கும் இரண்டு மாடல்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஒன்று பீக் டிசைன் டிராவல் ட்ரைபாட், மற்றது மேன்ஃப்ராட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டு. இரண்டிலும் அலுமினிய வகையையே எடுத்துக்கொள்வோம்.

பீக் டிசைன் எடை 1.56 கிலோ, மடித்தால் 39 செ.மீ. பீஃப்ரீ 1.49 கிலோ, மடித்தால் 40 செ.மீ. தண்டை இறக்கி வைத்தால் முன்னது 130 செ.மீ., பின்னது 127 செ.மீ. ஆக எடையிலும் நீளத்திலும் உயரத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் விலையில் பெரிய வித்தியாசம். 2019இல் வந்தபோது பீக் டிசைன் அலுமினியம் சுமார் 350 டாலர், பீஃப்ரீ அதில் பாதியை ஒட்டித்தான் இருந்தது. அந்தக் கூடுதல் பணம் முழுக்க மடித்த சுற்றளவைக் குறைப்பதற்குப் போகிறது. பீக் டிசைனின் கால்கள் உருண்டை அல்ல. தண்டைச் சுற்றி இடைவெளி விடாமல் பொருந்தும்படி கோணம் கொடுத்திருக்கிறார்கள். மடித்தால் விட்டம் 8 செ.மீ.கூட வராது, பையின் பக்கவாட்டு பாட்டில் பாக்கெட்டில் செருகிவிடலாம். பீஃப்ரீயில் கால்களைத் தலைகீழாக மேலே மடக்கி, கேமராவைப் பிடிக்கும் மேல்பகுதியான ஹெட்டை உள்ளே வைக்க வேண்டும். அதனால் தடிமன் கூடும், எடுத்து நிறுத்தவும் சில விநாடி அதிகம் ஆகும்.

ஆனால் மெலிந்த மடிப்புக்கு ஒரு விலை உண்டு. பீக் டிசைனுக்கு ஐந்து துண்டுக் கால், பீஃப்ரீக்கு நான்கு. துண்டு கூடக் கூடக் கடைசித் துண்டு ஒல்லியாகும், துண்டுகளை இறுக்கும் லாக்கும் ஒன்று கூடும். முழுக்க நீட்டி, தனுஷ்கோடி மாதிரி காற்று ஓயாத இடத்தில் வைத்தால் ஆட்டம் அந்தக் கடைசித் துண்டிலிருந்துதான் வருகிறது. அதை உள்ளேயே விட்டு, நான்கு துண்டோடு நிறுத்தினால் நன்றாகவே நிற்கும், உயரம்தான் குறையும். கொக்கியில் பையைத் தொங்கவிடுவதாக இருந்தால் வாரைச் சரிசெய்து, பையின் அடி தரையைத் தொடும்படி விடுங்கள். அந்தரத்தில் ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டும்.

ஹெட் விஷயத்தில் பீஃப்ரீ முந்துகிறது. அதில் பக்கவாட்டுச் சுழற்சிக்குத் தனித் திருகு உண்டு. மலைத்தொடரை ஐந்தாறு படமாக எடுத்து இணைப்பவர்களுக்கு இது அவசியம். பீக் டிசைனில் ஒரே வளையம்தான். தளர்த்தினால் எல்லாப் பக்கமும் தளரும். ஹெட் கால்களுக்கு நடுவே புதைந்திருப்பதால், தாராளமாகச் சாய்க்கத் தண்டைச் சற்றே ஏற்றவும் வேண்டும். கேமராவின் அடியில் திருகும் தகடான பிளேட்டில் மட்டும் பீக் டிசைனுக்கு மேன்மை: பல நிறுவனங்களும் பின்பற்றும் ஆர்கா வகையைச் சேர்ந்தது. பீஃப்ரீயில் பொதுவாக வரும் 494 ஹெட்டுக்கு மேன்ஃப்ராட்டோவின் சொந்த 200 பிஎல் பிளேட் வேண்டும். அது தொலைந்தால் பயணத்தின் நடுவில் கிடைப்பது கஷ்டம், ஒன்று கூடுதலாக வாங்கிவையுங்கள்.

தரையோடு படுத்துப் பூச்சி, காளான் எடுப்பவர்களுக்குப் பீஃப்ரீ ஒத்துவராது, 40 செ.மீ.க்குக் கீழே இறங்காது. பீக் டிசைனில் கூடவே வரும் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) தண்டைக் கழற்றினால் 14 செ.மீ. வரை இறங்கும்.

கார்பன் ஃபைபர் வாங்கலாமா? பீக் டிசைனில் மிச்சமாவது சுமார் 300 கிராம், அதற்கு வெளியீட்டு விலையில் 250 டாலர் கூடுதல். நாள் முழுக்க மலையேறுபவர் தவிர மற்றவர்கள் அந்தப் பணத்தை லென்ஸுக்கு வைத்துக்கொள்ளலாம். 150-600 மி.மீ. மாதிரி தொலைவை நெருக்கிக் காட்டும் கனமான டெலி லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டாம். கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் போட்ட மலிவு வகையும் வெளிப்புற வேலைக்கு உதவாது. படிக்கட்டிலோ பாறையிலோ ஒவ்வொரு காலையும் வேறு வேறு கோணத்தில் விரிக்க அந்தச் சட்டம் விடாது.

எதை வாங்கினாலும் கடையிலேயே சோதியுங்கள். உங்கள் கேமராவும் உங்களிடம் உள்ள நீளமான லென்ஸும் எடுத்துப்போங்கள். கால்களை முழுக்க நீட்டி, தண்டை இறக்கி, லென்ஸில் அசைவைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்து, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) 10 மடங்கு பெரிதாக்கி எதிரே உள்ள எழுத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்து நடுங்கி அடங்க எத்தனை விநாடி என்று பாருங்கள். இரண்டு விநாடிக்கு மேல் போனால் பட்டனை அழுத்திய அதிர்வு அடங்கக் காத்திருக்கும் செல்ஃப் டைமரின் 2 விநாடி உங்களுக்குப் போதாது. அடுத்து, ஹெட்டை இறுக்கிவிட்டுக் கையை எடுங்கள். திரையில் எழுத்து மேலே வழுக்குகிறதா? வழுக்கினால் அந்த ஹெட்டில் குளோஸ்-அப் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் தொல்லை. வீட்டுக்கு வந்தபின் 1/15 முதல் 1 விநாடி வரை ஒவ்வொரு ஷட்டர் வேகத்திலும் ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். நடுக்கம் அதிகம் தெரிவது இந்த வேகங்களில்தான். 30 விநாடிப் படத்தில் தொடக்கத்தில் வரும் சிறு அதிர்வு கரைந்துவிடும்.

பொதுவாகத் தடித்த துண்டை முதலில் நீட்டுவதுதான் முறை. கடற்கரையில் மட்டும் மாற்றிச் செய்யுங்கள்: ஒல்லியான கடைசித் துண்டை முதலில் முழுக்க இழுத்துவிடுங்கள், கீழ் லாக் மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். லாக்குக்குள் மணல் போனால் திருகும்போது நறநறவென்று கேட்கும். அப்படியே பலமாகத் திருகினால் உள்ளே துண்டைப் பிடித்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷிம் தேய்ந்து, பிறகு கால் தானாக இறங்கும். உப்புத் தண்ணீர் பட்ட அன்றே எல்லாத் துண்டையும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே இரவு முழுக்கக் காயவிடுங்கள். எண்ணெய் போடவே கூடாது, அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: மாமல்லபுரம், தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளவை. அங்கே ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.