கால்வாசி விலையில் ஒரு வருட பிரீமியமா? ஜிபே போடும் முன் கவனியுங்கள்

டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் "ஒரு வருட மியூசிக் பிரீமியம், கால்வாசி விலை, வாரண்டியோடு" என்று வரும் விளம்பரத்தில் பணம் விட்டவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பணம் போட்ட சிறிது நேரத்தில் அழைப்பு லிங்க் வரும். ஒன்றிரண்டு மாதம் விளம்பரமில்லாமல் பாட்டு ஓடும். பிறகு ஒருநாள் பாட்டுக்கு நடுவே விளம்பரம் தலைகாட்டும். விற்றவருக்கு மெசேஜ் போட்டால் ஒற்றை டிக்கோடு நிற்கும்.

அவர் விற்றது சந்தாவே அல்ல, யாரோ ஒருவருடைய குடும்பத் திட்டத்தில் ஓர் இடம். யூடியூப் மியூசிக்கை எடுத்துக்கொண்டால், குடும்ப நிர்வாகி போக 5 பேரைச் சேர்க்கலாம். எல்லோரும் ஒரே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. விற்பவர் மாதாமாதம் கட்டும் திட்டத்தில் ஐந்து இடங்களுக்கும் வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார். அடுத்த மாதம் அவர் கட்டாமல் விட்டாலும், ஒரே வீடு இல்லை என்று நிறுவனம் கண்டுபிடித்தாலும் ஐவரும் வெளியே.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. இந்தத் திட்டம் இயங்கும் கூகுள் குடும்பக் குழுவை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். வீட்டுக் குழுவிலிருந்து விலகி விற்பவர் குழுவில் சேர்ந்தவர், அங்கிருந்தும் வெளியேறிவிட்டால், சொந்த அண்ணனே அழைத்தாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். "உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நாங்களே ஆக்டிவேட் செய்கிறோம்" என்று கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். அழைப்பை ஏற்க யாருடைய பாஸ்வேர்டும் தேவையில்லை.

பணம் ஏன் திரும்புவதில்லை? தனிநபர் யூபிஐ ஐடிக்கு நீங்களே பின் நம்பர் (PIN) அடித்து அனுப்பியதால், வங்கியின் பார்வையில் அது உங்கள் சம்மதத்தோடு நடந்த பரிமாற்றம். முறையான கடையில் கார்டு தேய்த்துப் பொருள் வரவில்லை என்றால், கார்டு கொடுத்த வங்கியிடம் தகராறு எழுப்ப வழி உண்டு. ஏமாந்தது தெரிந்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். பரிமாற்றத்தின் அடையாளமான 12 இலக்க யூடிஆர் எண்ணையும் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் கையில் வைத்திருங்கள். "ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று வந்தால் அது இரண்டாவது கொள்ளை. பணம் பெற பின் நம்பர் அடிக்கவே தேவையில்லை.

முறையான வழிகளிலும் குழி இருக்கிறது. ஓரிரு ரூபாய் இலவசச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளும்போது யூபிஐ ஆட்டோபே அனுமதியும், அதாவது பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதியும், சேர்ந்தே போகிறது. திரையில் பெரிதாகத் தெரிவது 2 ரூபாய். படிக்க வேண்டியது கீழே உள்ள அதிகபட்சத் தொகையும் முடியும் தேதியும். செயலியை அழித்தால் சந்தா நிற்காது. யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்ய வேண்டும். ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால், அங்கேயே சந்தாக்கள் பக்கத்தில் ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பைத் தள்ளிவிடாதீர்கள். மொபைல் பேலன்ஸிலிருந்து காலர் டியூனுக்குப் பணம் போனால், அதை நிறுத்த 155223க்கு அழையுங்கள்.

மாதச் சந்தாவில் "டவுன்லோட்" ஆகும் பாட்டு உங்களுடையது அல்ல, சந்தா முடிந்தால் பூட்டிக்கொள்ளும். சொந்தமாக வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் போன்ற இசை விற்பனைத் தளத்தில் ஆல்பமாக வாங்கலாம். எம்பி3, தரம் குறையாத ஃபிளாக் (FLAC) இரண்டு வடிவக் கோப்புகளும் பூட்டில்லாமல் கிடைக்கும். இந்தியக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் இயக்கிவிடுங்கள், இல்லையேல் பணம் போகாது. வாங்கிய அன்றே கோப்பை இறக்கி வேறொரு டிரைவிலும் வையுங்கள். ஃபிளிப்கார்ட்டின் ஃப்ளைட் இசைக்கடை 2013இல் மூடப்பட்டது. அங்கே வாங்கி, இறக்கி வைத்தவர்களின் எம்பி3 இன்றும் ஓடும்.