வெள்ளவத்தையில எங்கட அஸ்பெஸ்டோஸ் கூரையை கழட்டின பாஸ்மார்: 5க்கு 3

எங்கட வீடு அப்பப்பா 1979 ல கட்டினது, கூரை முழுக்க அஸ்பெஸ்டோஸ் சீட். போன மழைக்கு ரெண்டு ரூமுக்குள்ள ஒழுகினதால மாத்துவம் எண்டு மூண்டு பேரிட்ட கொட்டேஷன் எடுத்தம். இவை சொன்னது நடுத்தர விலை. மற்ற ரெண்டு பேரும் சுத்தியலால தட்டி ஒரே நாளில இறக்கிடுவம் எண்டவை, இந்த பாஸ் மட்டும் மேல ஏறிப் பாத்திட்டு மூண்டு நாள் வேணும் எண்டார், அதுக்காகவே குடுத்தம். பேர் போடேல்ல, ஏனெண்டு வாசிச்சா விளங்கும்.

முதல் நாள் குறை சொல்ல ஏலாது. சோப் பவுடர் கரைச்ச தண்ணியால சீட்டை நல்லா ஊற வச்சு, துருப்பிடிச்ச ஹூக் போல்ட்டுகளை அடிச்சுக் கழட்டாம கட்டரால வெட்டி, ஒவ்வொரு சீட்டா கயித்தில இறக்கினவை, ஒண்டையும் கீழ எறியேல்ல. சீட் முழுசா இருக்குமட்டும் அஸ்பெஸ்டோஸ் நார் சிமெந்துக்குள்ள பிடிபட்டுக் கிடக்கும், உடைச்சா, துளைச்சா, தேய்ச்சாத்தான் கண்ணுக்குத் தெரியாத தூசாகி நெஞ்சுக்குள்ள போகும். பாசி போக கம்பி பிரஷ்ஷால தேய்க்கிறது, பிரஷரில தண்ணி அடிக்கிறதெல்லாம் அதே பிழைதான், எங்கட லேனிலயே தீபாவளிக்கு தீபாவளி நடக்குது.

ரெண்டாம் நாள்தான் பிரச்சினை. பாஸ் வேற சைட்டுக்கு போயிட்டார், நான் குசினிக்குள்ள தேத்தண்ணி போடுறன், திடீரெண்டு கிர்ர்ர் எண்டு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா ஒரு பெடியன் சுவருக்குள்ள இறுகின சீட் ஓரத்தை கிரைண்டரால காய காய வெட்டுறான், முகத்தில ஒரு லேஞ்சி மட்டும், வெள்ளைத் தூள் மதிலைத் தாண்டி பக்கத்து வீட்டு அன்ரி காயப்போட்ட சீலையில போய் படியுது. நான் கத்தின கத்தலில அவன் ஏணியில இருந்து விழாதது கடவுள் புண்ணியம். அவன்ட சாமானில ஒரு மாஸ்க்கும் இல்ல, ஹார்ட்வெயாருக்கு ஆள் அனுப்பி பில்டர் மாஸ்க் நான்தான் வாங்கிக் குடுத்தன். விழுந்த தூளை விளக்குமாறால கூட்ட வெளிக்கிட்டான், அதையும் மறிச்சு, ஈரத்துணியால துடைச்சு துணியையும் சேத்துக் கட்டிப் போடச் சொன்னன்.

பின்னேரம் பாஸ் வந்து சிரிக்கிறார், "மிஸ், நான் 25 வருஷமா இதை வெட்டுறன், எனக்கு ஒண்டும் வரேல்லையே." அதுதான் விஷயமே, இந்த நோய் 20, 30, 40 வருஷம் பதுங்கியிருந்துதான் வரும், நெஞ்சுச் சவ்வில வாற கேன்சர் அப்பிடிப்பட்டது. அவரை மட்டும் குத்தம் சொல்லவும் மனம் வரேல்ல. அஸ்பெஸ்டோஸில நீல வகையை 1987 லயே இங்க தடை செய்தவை, வெள்ளை வகை மட்டும் இன்னும் கடையில விக்குது. அதையும் நிப்பாட்டப் போறம் எண்டு சொன்ன அரசாங்கம், 2017 டிசம்பர்ல ரஷ்யா எங்கட தேயிலையில வண்டு எண்டு சொல்லி இறக்குமதியை மறிச்ச உடனே பின்வாங்கிட்டுது. அந்த வெள்ளை அஸ்பெஸ்டோஸ் வாறதே கூடுதலா ரஷ்யாவில இருந்துதானே. இந்த லட்சணத்தில பாஸுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?

புதுசா போட்ட அலுமினியம் சீட் பிட்டிங் வடிவு, ஒரு சொட்டு ஒழுகேல்ல, மழை பெய்தா டிவி கேக்காது, அது வேற கதை. கீழ இன்சுலேஷன் போட மறக்காதீங்கோ, இல்லாட்டி மத்தியானம் ரூம் போறணை மாதிரி கொதிக்கும்.

ரெண்டு ஸ்டார் குறைச்சதில ஒண்டு கிரைண்டருக்கு. மற்றது பழைய சீட்டுக்கு. எங்க கொண்டு போய் போடுவீங்கள் எண்டு முதலே கேட்டனான், "அதெல்லாம் நாங்க பாப்பம்" எண்டவர் கடைசியில கோழிக்கூடு கட்டுற ஒராளுக்கு விக்கப் பாத்தார், நான் விடேல்ல. தடிச்ச பொலித்தீனில சுத்தி டேப் ஒட்டி முக்கால்வாசி லொறியில போச்சு, மிச்சம் 6 சீட் "நாளைக்கு வாறன் மிஸ்" எண்டு மூண்டு கிழமையா பின் வளவில கிடக்கு. நேற்று அப்பா அதைச் சுத்தி சுத்திப் பாத்திட்டு, பைப்படிக்கு ஒரு மறைப்பு அடிக்கலாமோ எண்டு கேக்கிறார்.